சும்மா பிடிக்கமாட்டாங்கள்

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் அமெரிக்கா இருக்கிறது. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் வேறு எந்தத் தெருவுக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. அருளம்பலம் அண்ணை காலையில் கண் விழித்ததும் தொலைக்காட்சியைப் போடுவார். முதலில் வாஷிங்டன் பேசும். பிறகு அவர் பேசுவார். மொன்றியல் மேயர் யாரென்று கேட்டால் தலையைச் சொறிவார். பென்சில்வேனியாவில் எந்தப் பக்கத்துச் சனம் எந்தக் கட்சிக்குப் போடும் என்று கேட்டுவிட்டால், நீங்கள் அன்றைக்கு வேலைக்குப் போன மாதிரித்தான்.

நான் அவருக்கு நேர் மேல்வீட்டில் இருக்கிறேன். ஒட்டுக்கேட்கிறவள் என்று எனக்கு இந்தத் தெருவில் ஒரு பெயர் உண்டு. அநியாயப் பேச்சு. பழைய கட்டடம், மெல்லிய தரை, கீழே ஒரு மனிதர் கத்துகிறார். காதைக் கழற்றி வைத்துவிட்டா சமைப்பது?

அவருடைய கட்சி இன்னதென்று சொல்லவே வேண்டாம். எல்லையைப் பூட்டுகிற கட்சி. சட்டப்படி வராதவனைப் பிடித்து ஏற்றுகிற கட்சி. "அந்த மனிசன் சொல்லுறதைச் செய்யிறார் பாருங்கோ" என்று எங்கள் தெருத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல்செய்தி போடுவார். நான் அவற்றை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பேன். அப்படியும் ஒரு கறி வெந்துவிடும்.

இந்த வருடம் மார்ச் மாதம் அந்த அமெரிக்க ஜனாதிபதி எங்கள் சாமான்களுக்கு வரி போட்டார். கனடாவே தன்னுடைய மாநிலம் என்றும் சொன்னார். தெருவே கொதித்தது. அண்ணையின் மனைவி கௌரி கடையில் தோடம்பழத்தைத் திருப்பித் திருப்பி ஸ்ரிக்கர் பார்த்து, மொரோக்கோ என்று இருந்தால் மட்டும் பையில் போட்டாள். அண்ணை என்ன செய்தார் தெரியுமா? பனி உருகுகிற அந்தச் சேற்றுக் குளிரில் வெளிப்படியில் குந்தியிருந்து, தெருவில் போகிற வருகிற எல்லோரும் பார்க்க, புளோரிடாத் தோடம்பழம் உரித்துத் தின்றார். தோலைப் படியிலேயே போட்டார். கூட்டியது கௌரி.

அவருக்கு இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று நான் கனகாலம் யோசித்திருக்கிறேன். என் முடிவு இதுதான். அண்ணை பிறந்தது கோப்பாயில். பக்கத்து வளவுக்காரர் சிவராசா, தூரத்துச் சொந்தமும்கூட. இரண்டு வீட்டுக்கும் இடையே கதியால் வேலி, துளிர்க்கிற தடிகளை வரிசையாக நட்டது. வருடா வருடம் வேலி அடைக்கும்போது சிவராசா ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளிப் போடுவார் என்று இவர் சொல்வார். இவர்தான் தள்ளினார் என்று அவர் சொல்வாராம். இரண்டு தகப்பன்மாரும் அந்தச் சண்டையில் கிழவர்களாகி, அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். வேலிச் சண்டைக்குள் பிறந்து வளர்ந்தவருக்கு ஒரு நாட்டு நீளத்துக்கு வேலி போடுகிற ஆளைக் கண்டால் மயக்கம் வராதா?

ஆனால் ஒன்று. இவர் இந்த நாட்டுக்கு எப்படி வந்தார்? நியூயோர்க்கில் இறங்கி, பஸ்ஸில் பிளாட்ஸ்பேர்க் வந்து, அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் யாரோ கொடுத்த கம்பளிக்குள் சுருண்டு கிடந்து, பிறகு லக்கோல் எல்லையில் வந்து நின்று "அகதி" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தக் கதையை முன்பு எல்லாக் கலியாண வீட்டிலும் சொல்வார். இப்போது சொல்வதில்லை. யாராவது ஞாபகப்படுத்தினால், "அது வேறை, அப்ப யுத்தம்" என்பார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரலில் ஒரு காலை கௌரி என் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். கையில் போன். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, சாருஜா எடுத்தவள். தனுஜனைப் பிடிச்சிட்டாங்களாம்."

சாருஜா, அண்ணையின் தங்கை சிவமலரின் மகள். கணவன் தனுஜனோடு நியூஜேர்சியில் இருந்தாள். இருவரும் அங்கே அகதிக்குக் கேட்டு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வரச்சொன்ன நாட்களிலெல்லாம் தனுஜன் தவறாமல் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வருவான். அந்த முறை போனவன் திரும்பவில்லை. வாசலிலேயே விலங்கு போட்டுவிட்டார்கள். அடுத்த தவணை சாருஜாவுடையது. சின்னப் பெண்பிள்ளை ஒன்று இருக்கிறது.

"லோயர் சொன்னவராம், கனடாவிலை மாமன் இருந்தால் லக்கோலிலை விடுவாங்களாம். இவர் ஓம் எண்டு சொன்னால் போதும்."

அது உண்மைதான். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் ஒரு விலக்கு உண்டு. இங்கே நெருங்கிய சொந்தம் இருந்தால் உள்ளே எடுப்பார்கள். மாமனும் அதற்குள் அடக்கம். ஆனால் அந்தக் கதவை ஒரு தடவைதான் தட்டலாம். சொந்தத்தை நிரூபிக்காவிட்டால் அந்தப் பக்கத்து அதிகாரிகளின் கையில் கொடுத்துவிடுவார்கள்.

"பேந்தென்ன? அண்ணை என்ன சொல்லுறார்?"

கௌரி என் நாற்காலியில் தொப்பென்று இருந்தாள். "சட்டம் எண்டால் சட்டமாம்."

நான் செருப்பைக்கூடப் போடாமல் கீழே இறங்கினேன். அண்ணை தொலைக்காட்சியின் ஒலியைக் குறைக்காமலே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"வந்திட்டியோ? இன்னும் காணேல்லை எண்டு பாத்தனான்."

"அண்ணை, உங்கட சகோதரியின்ரை பிள்ளை."

"எனக்குச் சகோதரி இல்லை. இருந்தவள், செத்துப்போனாள்."

சிவமலர் கோப்பாயில் உயிரோடு, முழங்கால் வலியோடு இருக்கிறாள். அண்ணை அவளைச் சாகடித்தது சாருஜாவின் சாமத்தியவீட்டோடு, அவள் பெரியபிள்ளையான சடங்கோடு. யாழ்ப்பாணத்துச் சைவக்காரருக்குச் சாமத்தியச் சடங்கில் தாய்மாமன்தான் ராசா. பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து முதல் தண்ணீர் வார்ப்பது அவர்தான். தான் வரும்வரை சடங்கை நிறுத்தி வை என்று அண்ணை இங்கிருந்து சொல்லியிருந்தார். அப்போது யுத்தம், பாதை பூட்டு, விமானச் சீட்டு இல்லை. எத்தனை மாதம்தான் நிறுத்துவது? சிவமலர் மாமன் முறைக்கு வேறு ஆளைப் பிடித்தாள். பக்கத்து வளவில் நின்ற ஒரே ஆம்பிளைச் சொந்தம் யார்? சிவராசா.

சடங்கு வீடியோ மொன்றியலுக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு தங்கையோடு கதை இல்லை.

"அந்தச் சின்னப் பிள்ளை என்ன அண்ணை செய்தது?"

"சிவராசாவைக் கேளுங்கோ. அவர்தானே மாமன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கத்திப் பிரயோசனமில்லை, கத்துவதில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரர். நான் அமைதியாகச் சொன்னேன்:

"சரி. சிவராசா இப்ப ரொறன்ரோவிலை மகனோடைதானாம். கூப்பிட்டால் ஓடி வருவார். 'மாமன் எண்டு அருளம்பலம் நிக்கேல்லை, நான்தான் நிண்டனான், அண்டைக்கும் இண்டைக்கும்' எண்டு ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். நல்லதுதான்."

சிவராசா ரொறன்ரோவில் இருந்தாரா, செவ்வாய்க்கிரகத்தில் இருந்தாரா, எனக்குத் தெரியாது. அண்ணையின் கை ரிமோட்டில் அப்படியே நின்றது.

"உவன் வாறதோ? என்ரை தங்கச்சியின்ரை பிள்ளைக்கோ?"

செத்த தங்கச்சி எழும்பி உட்கார்ந்துவிட்டாள். கௌரி குசினி வாசலில் நின்று சொன்னாள்: "நீங்கள் வராட்டி நான் தனியப் போய் எல்லையிலை குந்தியிருப்பன். பேந்து இந்த வீட்டுக்கு வரமாட்டன். சோறு ஆர் போடுறதெண்டு அந்த மனிசனைக் கேளுங்கோ." தொலைக்காட்சியில் இருந்தவரை அகப்பையால் காட்டினாள்.

சாருஜா லக்கோலுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்த மறுநாள் அண்ணைக்கு அழைப்பு வந்தது. போனில் கேட்டு முடியாதாம். சொந்தத்தில் ஏதோ சந்தேகம், நேரில் வரவேண்டுமாம். அண்ணையும் கௌரியும் புறப்பட்டார்கள். நானும்தான். எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? நான் கார்டரியில் பிள்ளை பராமரிக்கிற வேலையில் பிரெஞ்சு பழகியவள். அத்தோடு, போகாமல் இருந்திருந்தால் இதை உங்களுக்கு யார் சொல்வது?

எல்லைக் கட்டடத்தில் எங்களை வாங்கில் இருத்தினார்கள். கண்ணாடிக்கு அப்பால் சாருஜா இருந்தாள், மடியில் பிள்ளை நித்திரை. முப்பது வயதுக்காரி, கண்ணைப் பார்த்தால் என் வயது. எங்களைக் கண்டதும் எழும்பப் போனாள், பிள்ளைக்காக மறுபடி இருந்துவிட்டாள்.

சந்தேகம் என்ன என்று பிறகுதான் விளங்கியது. பிறப்புச் சான்றிதழ்களில் பெயர்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. எங்களுக்குத் தகப்பன் பெயர்தானே பின்பெயர். மாமனுக்கும் மருமகளுக்கும் எப்படி ஒரே பெயர் வரும்? அதனால் குடும்பப் படம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டிருக்கிறாள். தாய்மாமனைக் காட்ட எங்கள் சனம் எந்தப் படத்தைக் காட்டும்? சாருஜா ஒரு கணம்கூட யோசிக்காமல் போனைத் திறந்து சாமத்தியவீட்டுப் படங்களைக் காட்டியிருக்கிறாள். மாமன் பால் வைக்கிறார். மாமன் தண்ணீர் வார்க்கிறார். மாமன் மாலையோடு நிற்கிறார். எல்லாவற்றிலும் சிவராசா.

அதிகாரி இளம் பெண், குதிரைவால் கட்டியிருந்தாள். அண்ணையை மேசைக்கு அழைத்தாள். மொழிபெயர்ப்பாளர் போனில், ஸ்பீக்கரில். குரலைக் கேட்டால் சென்னைக்காரர்.

"சார், இந்த ஃபோட்டோல அந்தப் பொண்ணு பக்கத்துல நிக்கிறவர் யாருன்னு கேக்குறாங்க."

அண்ணை கண்ணாடியைப் போட்டார். படத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"உவனோ? உவன் எங்கட வேலியை அரக்கினவன்!"

"சார்? வேலியை என்ன பண்ணார்?"

"அரக்கினவன்! ஒவ்வொரு சாணாய் அரக்கினவன்! இது என்ரை இடம். உந்த மாலை எனக்குப் போடவேண்டிய மாலை. உந்தப் பால் நான் வைக்கவேண்டிய பால். நான் தாய்மாமன் உயிரோடை இருக்க, உவனைக் கொண்டுவந்து நிப்பாட்டினவள் என்ரை தங்கச்சி!"

"சார் கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. அவர் மாமா இல்ல, நீங்கதான் மாமான்னு சொல்றீங்களா?"

"நான்தான் மாமா! ஒரே மாமா! கேளுங்கோ அவளை, வேறை ஆர் இருக்கினம் எண்டு!"

கட்டடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு ஹெயிற்றிக் குடும்பம் பைகளைக் கிட்ட இழுத்துக்கொண்டது. பிள்ளை விழித்து அழத் தொடங்கியது. அண்ணையின் கண்ணிலும் தண்ணீர். கோபத்தில் வந்ததா, வேறு எதிலா, எனக்குத் தெரியாது.

தங்கையோடு கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று அதிகாரி கேட்டாள். அந்த வீடியோ பார்த்த அன்றைக்கு, என்றார். அவள் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, பக்கத்து மேசைக்காரனிடம் பிரெஞ்சில் சொன்னாள்: "என் அம்மாவும் அவளுடைய தம்பியும் இப்படித்தான், ஒரு படகுக்காக. இதையெல்லாம் யாரும் நடிக்க முடியாது." பிறகு சாருஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, வேலிச் சண்டை பற்றிக் கேட்டாளாம். சாருஜாவுக்கா தெரியாது? கதியால் கதியாலாகச் சொல்லியிருக்கிறாள்.

பின்னேரம் விட்டார்கள். சாருஜா வெளியே வந்து, குனிந்து அண்ணையின் காலைத் தொடப் போனாள். "சரி சரி" என்று பின்வாங்கிக்கொண்டார். அந்த நேரம் எனக்கு அண்ணைமேல் ஒரு துளி இரக்கம் வந்தது உண்மை. அதை நான் வைத்திருந்தது கார் நெடுஞ்சாலையில் ஏறும்வரைதான்.

அண்ணை ஓட்டினார். கௌரி முன்னால். பின்னால் நானும் சாருஜாவும், நடுவில் பிள்ளை. வென்றுவிட்ட மனிதரால் சும்மா இருக்க முடியுமா?

"பாத்தியளோ? சட்டம் எண்டால் இதுதான். உரிமை உள்ளவை உள்ளுக்கை. இல்லாதவை வெளியிலை. இவையள் ஒழுங்காய்ச் செய்யினம். அங்கையும் இதைத்தான் அந்த மனிசன் செய்யிறார், சனம் விளங்காமல் கத்துது."

"இஞ்சேருங்கோ, ரோட்டைப் பாத்து ஓடுங்கோ," என்றாள் கௌரி.

"இல்லை, உண்மையைத்தானே சொல்லுறன்."

சாருஜா மெதுவாகக் கேட்டாள்: "தனுஜன் என்ன பிழை செய்தவர் மாமா?"

"ஏதாவது இருக்கும் பிள்ளை. உனக்குத் தெரியாமல் ஏதாவது. சும்மா பிடிக்கமாட்டாங்கள்."

இந்த வசனத்தை நான் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். என் தம்பி எமிலியானுசை மன்னாரில் ஒரு ஆமிச் சோதனைச்சாவடியில் சைக்கிளோடு மறித்து வைத்துக்கொண்டார்கள். கோயில் பாட்டுக்குழுவில் பாடப் போய்க்கொண்டிருந்தவன். சைக்கிள் மட்டும் திரும்பி வந்தது. அம்மா தெருவெல்லாம் கேட்டுத் திரிந்தபோது, எங்கள் சொந்தச் சனம், பூசையில் எங்களுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்ட சனம், வாசலில் நின்று சொன்னது இதைத்தான். சும்மா பிடிக்கமாட்டாங்கள். ஏதாவது இருக்கும். அம்மாவுக்குத் தம்பி போனது ஒரு சாவு. அந்த வசனம் இன்னொன்று. சிங்களத்தில் யாரும் அதை எங்களுக்குச் சொல்லவில்லை. நல்ல தமிழில், காதுக்குக் கிட்ட வந்து, இரக்கப்படுகிற குரலில் சொன்னார்கள்.

அதே சொல்லைத்தான், பிளாட்ஸ்பேர்க்கில் பிறத்தியாரின் கம்பளிக்குள் கிடந்த இந்த மனிதர், புருசனைப் பறிகொடுத்த பிள்ளைக்குச் சொன்னார். அதே இரக்கக் குரலில்.

"காரை நிப்பாட்டுங்கோ," என்றேன்.

"ஏன், என்ன?"

"நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லுறன்!"

நான் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. நேப்பியர்வில் பக்கம் ஒரு பெற்றோல் நிலையத்துக்குள் வெட்டி நிறுத்தினார். நான் வாய் திறக்குமுன் சாருஜா மறுபக்கக் கதவைத் திறந்து பிள்ளையோடு இறங்கிவிட்டாள். கையில் ஒரு பை. லொறிகள் போகிற காற்றில் அவளுடைய சால்வை பறந்தது.

அண்ணையும் இறங்கினார். "எங்கை போறாய்? விசரே உனக்கு? நான் வந்திருக்காட்டி நீ இப்ப எங்கை இருந்திருப்பாய்?"

"தனுஜன் இருக்கிற இடத்திலை," என்றாள். குரல் உயரவில்லை. "நீங்கள் வந்தது பெரிய உதவி மாமா. சாகும்வரை மறக்கமாட்டன். ஆனால் உங்கட வீட்டிலை என்ரை பிள்ளை இருக்கமாட்டாள். தகப்பன் கள்ளன் எண்டு கேட்டு வளரமாட்டாள்."

"நான் கள்ளன் எண்டு சொன்னனானோ? கௌரி, நான் அப்பிடிச் சொன்னனானோ?"

கௌரி காருக்குள்ளிருந்து அவரைப் பார்க்கவே இல்லை. சீற்றுக்கு மேலால் கையை நீட்டிக் காரின் திறப்பை உருவித் தன் கைப்பையில் போட்டாள். பிறகு இறங்கி, குளிரில் நின்ற பிள்ளைக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினாள்.

"அன்ரி," என்று சாருஜா என்னைப் பார்த்தாள், "உங்கட வீட்டிலை ஒரு மூலை கிடைக்குமோ?"

இரண்டு அறை, ஒரு கிழவி. மூலைக்கா பஞ்சம்?

அன்றைக்குக் காரை ஓட்டியது கௌரி. லைசென்ஸ் எடுத்து வருடக்கணக்காகியும் அவளிடம் திறப்பைக் கொடுக்காத மனிதர், பின்சீற்றில் என் பக்கத்தில் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தார்.

ஊருக்கு இதைச் சொன்னது யார் என்று அண்ணை விசாரிப்பதாகக் கேள்வி. விசாரிக்கவே தேவையில்லை. நான்தான் சொன்னேன். கடையில் சொன்னேன், கார்டரியில் சொன்னேன், பூசை முடிந்து படியில் நின்று சொன்னேன். லவாலிலிருந்து சாமான் வாங்க வந்தவர்களுக்கும் சொன்னேன். அவருடைய குரல்செய்திகளுக்கு இப்போது குழுவில் யாரும் கட்டைவிரல் போடுவதில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் வெளிப்படியில் காலடி கேட்டது. கதவைத் திறந்தேன். அண்ணை நின்றார், கோட்டு இல்லாமல், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. சாருஜாவின் அமெரிக்க நம்பர் எல்லை தாண்டியதும் செத்துவிட்டது. லோயர் மூலம் தனுஜனுக்குக் கிடைத்திருந்தது மாமாவின் நம்பர் மட்டும்.

"தனுஜன்," என்றார். "டெக்சாசிலை எங்கையோ. ஆரெண்டு தெரியாமல் எடுத்திட்டன். கொஞ்ச நேரம் கதைச்சவன். என்னை மாமா எண்டு கூப்பிட்டான். நித்திரை இல்லையாம், இரவெல்லாம் லைற் நூக்கிறேல்லையாம்..."

சாருஜா வந்து போனை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அவர் எனக்கு மேலால் உள்ளே பார்த்தார். தரையில் பிள்ளை கிரெயோனால் கீறிக்கொண்டிருந்தது.

"அவன் ஒண்டும் செய்யேல்லையாம் றோஸ்மேரி," என்றார்.

"அதை எனக்கு ஏன் சொல்லுறியள்?"

காற்று ஊதிக்கொண்டு வந்தது. அவருடைய காது சிவந்திருந்தது. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் எமிலியானுசின் அக்கா இல்லை.

அழுகை காயாத முகத்தோடு சாருஜா வாசலுக்கு வந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுக்கவில்லை.

"நாளைக்கும் எடுப்பார் மாமா. அவருக்கு வேறை நம்பர் இல்லை. இது இஞ்சை இருக்கட்டும்."

அவர் தலையாட்டினார். படிக் கம்பியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார். அவள் கதவைச் சாத்திவிட்டு, போனைச் சார்ஜரில் குத்தினாள்.